கருங்கோட்டு இறால்கள்

இறால் தொட்டி வைப்பதில் முதல் வேலை சும்மா இருப்பதுதான். கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். மணலை அலசிப் போட்டு, குளோரின் போகும்வரை வாளியில் நின்ற தண்ணீரை ஊற்றி, கல்லில் பாசியைக் கட்டி இறக்கி, காற்றுக் குழாயை விட்டபின் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அந்தக் குழாயில் மாட்டிய ஸ்பாஞ்சுக்குள் குடியேறி, இறாலின் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக்கப் பழகும்வரை ஒரு உயிரையும் உள்ளே விடக்கூடாது. நெய்தல் நகரின் மற்ற பிளாக்குகளில் யாருக்கும் அந்தப் பொறுமை இல்லை. மறுநாளே இறாலைக் கொட்டினார்கள், அதற்கு மறுநாள் பிணம் அள்ளினார்கள். ஏ பிளாக்கில் மட்டும் தொட்டி பழுத்தது. பழுத்தது என்பது அமலோற்பவத்தின் வார்த்தை.

ஏ பிளாக் தொட்டியைப் பார்த்துக்கொண்ட அமலோற்பவம் கூடை தூக்கி மீன் விற்று வளர்ந்தவள். கடற்கரைக் குடிசைகளை இடித்துவிட்டு, ஊருக்கு வடக்கே தொழிற்பேட்டையின் முதுகுப்புறத்தில் கட்டிய இந்த நான்கு மாடிப் பெட்டிகளில் அரசாங்கம் எல்லோரையும் கொண்டுவந்து அடைத்தபோது அவளுடைய வியாபாரமும் போயிற்று. "இத்தினி வருசமா செத்ததைத்தான் வித்தேன். உசுரோட ஒண்ண வச்சிப் பாக்க இப்பத்தான் கொடுத்து வச்சிருக்கு" என்று தொட்டியைப் பார்த்துச் சொல்லிக்கொள்வாள்.

தொட்டியை மாட்ட வந்தவன் தணிகைவேல், குடிநீர் நிறுவனத்தின் ஆள். மாடிப்படிக்குக் கீழே, மின்சார மீட்டர்களுக்குப் பக்கத்தில், தெருக் குழாய் பிளாக்குக்குள் நுழைகிற இடத்தில் அதை வைத்தான். குழாயிலிருந்து மெல்லிய ஒரு டியூப் தொட்டிக்குள் சொட்டிக்கொண்டே இருந்தது.

"இன்னாத்துக்கு தம்பி இறாலு? இதுக்கெல்லாம் மெஷின் கிடையாதா?" என்று அமலோற்பவம் கேட்டாள்.

"கீதுக்கா. ஆனா ஒரு தண்ணிய பாத்துச் சொல்ல ஒரு வாரம் ஆவும். அதுக்குள்ள நீங்க எத்தினி குடம் குடிச்சிருப்பீங்க? இந்த இறாலு அந்த விஷத்துக்குன்னே மாத்தி வளத்தது. ஒரு துளி கலந்தா போதும், நரம்புல பட்டு உடனே செத்துடும். தொட்டிக்குக் கீழ ஒரு தகடு இருக்கு பாருங்க, அது இதுங்க கால் அசையறத கேட்டுக்கினே இருக்கும். பாதிக்கு மேல அசையலன்னா வால்வு தானா மூடிக்கும். இங்கயும் பெரிய ஆபீசுலயும் மணி அடிக்கும்."

"அப்ப எங்களுக்கு முன்னாடி இதுங்க சாவணும்."

"அதான்க்கா இதுங்க வேலையே."

தனக்கு முன்னால் செத்தவர்களைப் பற்றி அமலோற்பவத்துக்கு நன்றாகவே தெரியும். இரண்டு மழைக்காலத்துக்கு முன் அவள் புருஷன் சவரிமுத்துவின் கட்டைவிரல் ஒரு காலையில் ஆடத் தொடங்கியது. டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் சிரித்தான். பிறகு கை, பிறகு கால், கடைசியில் மூச்சு. தண்ணீரில் வாசனை இல்லை, நிறம் இல்லை, ருசி இல்லை. அந்த மழைக்காலத்தில் நெய்தல் நகரில் சாவு விழாத பிளாக் இல்லை. அந்த விஷத்துக்கு நாக்கு சுளுக்கும் அளவுக்கு நீளமான பெயர் ஒன்று உண்டாம். சனங்கள் அதை 'நடுக்கம்' என்றுதான் சொன்னார்கள். தொழிற்பேட்டையில் எந்த ஆலையிலிருந்து அது வந்தது என்று இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க வேண்டியவர்களுக்கு அந்த அவசரமும் இல்லை.

அதனால் தொட்டி வந்ததும் சனங்கள் அதைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் கண்ணாடியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். யாரோ மேலே ஒரு முழம் கனகாம்பரம் சுற்றினார்கள், யாரோ கண்ணாடியில் குங்குமப் பொட்டு வைத்தார்கள். அமலோற்பவமே மாதா படத்துக்கு ஏற்றுகிற மெழுகுவத்தியில் ஒன்றை இங்கேயும் ஏற்றினாள். கண்ணாடித் துண்டுபோல் நிறமில்லாத அந்தச் சிறு உயிர்கள் இதையெல்லாம் பொருட்படுத்தாமல், தொட்டிக்குள் போட்டிருந்த வாதாம் இலைச் சருகின்மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் ஓயாமல் எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தன. அவள் கையை உள்ளே விட்டால் ஓடிவந்து விரலில் ஏறி அதையும் மேய்ந்து பார்த்தன. அவளுக்கு அது கூசும், சிரிப்பு வரும்.

அந்தப் பக்திதான் வினையாயிற்று. இரண்டாம் மாடிக்குப் புதிதாக வந்த கோமளா தஞ்சாவூர்க்காரி, ரொம்ப நல்ல மனசு. ஆடி வெள்ளிக்கிழமை காலையில் குளித்து முழுகி, இரவெல்லாம் தாமிரச் சொம்பில் துளசி போட்டு வைத்திருந்த தீர்த்தத்தைக் கொண்டுவந்து, பிளாக்கைக் காக்கிற சாமிகளுக்கு அபிஷேகமாகத் தொட்டிக்குள் ஊற்றினாள். மத்தியானத்துக்குள் இறால்கள் மல்லாந்தன. வால்வு மூடிக்கொண்டது. மணி அடித்தது.

நடுக்கம் திரும்பி வந்துவிட்டதென்று ஏ பிளாக் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டது. குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்க விரலை விட்டுக்கொண்டவர்கள் உண்டு. பிறகு தணிகைவேல் வந்து தொட்டியில் ஒரு தாளை நனைத்தான். தாள் நீலமாயிற்று.

"இது செம்புக்கா. விஷம் இல்ல. யாரு செம்புத் தண்ணி ஊத்துனது? இறாலுக்குச் செம்பு ஆவவே ஆவாது. இத்துணூண்டு போதும், காலி."

கோமளாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, தாமிரம் உடம்புக்கு நல்லதுன்னுதானே நாங்க அதுலயே ரொப்பி வச்சுக் குடிக்கிறோம்! நல்லது நெனச்சில்ல ஊத்துனேன்!"

தப்பு தெரிந்துவிட்டதே தவிர வால்வு திறக்கவில்லை. புதுத் தொட்டி பழுத்து, புது இறால் வந்து, பெரிய ஆபீசில் கையெழுத்தாகும்வரை திறக்காது என்பது விதி. தெருமுனையில் லாரித் தண்ணீருக்குச் சண்டை, குடுமிப்பிடி. மூன்றாம் மாடி சுகந்தி நிறைமாதக்காரி. குடத்தோடு படியில் உருண்டாள். பிள்ளை தங்கவில்லை. அவள் புருஷன் தினகரன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தொட்டியடிக்கு வந்து நின்றான். கத்தவில்லை, யாரையும் அடிக்கவில்லை. "அடுத்த வாட்டி சாவாத இறாலா பாத்து வையிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனான்.

அமலோற்பவத்துக்கு அந்த வார்த்தை முள்ளாகத் தைத்தது. தொட்டியைக் காலி செய்ய உட்கார்ந்தபோதுதான் பார்த்தாள்: பாசிக்கு அடியில் இரண்டு இறால்கள் உயிரோடு இருந்தன. ஒன்று வயிற்றுக்குக் கீழே முட்டைக் கொத்தைக் கட்டிக்கொண்டு, காலால் அதை விசிறிக்கொண்டிருந்தது. பழசில் ஒன்றுகூட மிஞ்சக்கூடாது, எல்லாவற்றையும் உப்பில் கொட்டிவிட வேண்டும் என்பதும் விதிதான். அன்றைக்கு, அந்தப் படிக்கட்டில், வயிற்றில் பிள்ளையோடு தப்பிய ஒன்றை உப்பில் கொட்ட அவளுக்குக் கை வரவில்லை. ஊறுகாய் பாட்டிலில் எடுத்து ஒளித்து வைத்தாள்.

தணிகைவேல் பாட்டிலைப் பார்த்தான். அவளையும் பார்த்தான். "நான் எதையும் பாக்கலக்கா" என்றான். கம்பெனி இறால் வர இன்னும் எத்தனை நாளாகுமோ அவனுக்கே தெரியாது. தினமும் குடத்தோடு வந்து அவன் சட்டையைப் பிடிக்கிறவர்களுக்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

அவள் மறுபடியும் மணலை அலசினாள், பாசியைக் கட்டினாள், பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வெட்டிப் போட்டுக் காத்திருந்தாள். இந்தத் தடவை தொட்டி சீக்கிரமே பழுத்தது. முட்டை பொரிந்து, இமைமயிர் கனத்தில் குஞ்சுகள் பாசியெல்லாம் ஒட்டிக்கொண்டன. அவை வளர்ந்தபோது முதுகில் கரிக்கோடு ஒன்று தெரிந்தது. கம்பெனி இறாலுக்கு அது இல்லை. "கண் படாம இருக்க இதுங்களே மை வச்சிக்கினு பொறந்துட்டுதுங்க" என்று அவள் பெருமையாகச் சொன்னாள். தணிகைவேல் அவற்றையே கம்பெனி இறால் என்று எழுதிக் கொடுத்து வால்வைத் திறந்துவிட்டான்.

அதற்குப் பிறகு ஏ பிளாக்கில் ஒரு நாளும் தண்ணீர் நிற்கவில்லை. மற்ற பிளாக்குகளில் யாராவது குழாயைச் சரிசெய்தாலும், தூபம் போட்டாலும், கொசு மருந்து அடித்தாலும் இறால் செத்து வால்வு மூடும். அவர்கள் அமலோற்பவத்தைத் தேடி வந்தார்கள். அவள் பிளாஸ்டிக் பையில் கருங்கோட்டு இறால்களையும் ஒரு துண்டு ஸ்பாஞ்சையும் போட்டுக் கொடுத்தாள். எப்படி வைப்பது, எப்படிக் காத்திருப்பது என்று கூடவே போய்ச் சொல்லிக்கொடுத்தாள். பி பிளாக் நூர்ஜஹானுக்குத்தான் முதலில் கொடுத்தது. கொஞ்ச காலத்தில் நெய்தல் நகர் முழுக்க அவளுடைய இறால்தான். தெருவில் போனால் 'இறால் அக்கா' என்று கூப்பிட்டார்கள். அவள் வாழ்நாளில் இத்தனை பேர் அவளைப் பார்த்துச் சிரித்ததில்லை. தொட்டி எதுவும் சாகவில்லை என்பதைப் பார்த்து நிறுவனமும் குளிர்ந்தது. தொட்டி இருக்கும்போது தண்ணீரைச் சோதிக்கிற ஆய்வுக்கூடம் எதற்கு என்று அதை மூடிவிட்டார்கள்.

மகள் ஜெசிந்தா கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்பவள். ஊசியும் கையுமாகவே இருப்பாள். சித்திரை வெயிலில் ஒரு காலை, சட்டத்தில் கட்டிய துணியின்மேல் குனிந்திருந்தவள், "சே" என்று ஊசியைக் கீழே வைத்தாள். ஒரு மயிலின் கழுத்து கோணிப்போயிருந்தது.

"தூக்கம் இல்லடி உனக்கு" என்றாள் அமலோற்பவம்.

"தூங்கிக்கினுதான் இருக்கேன்மா. இது ஒரு வாரமா இப்டிதான் பண்ணுது." ஜெசிந்தா கையை விரித்துக் காட்டினாள். மற்ற விரல்கள் அசையாமல் இருக்க, கட்டைவிரல் மட்டும் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

அமலோற்பவம் படிகளில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. தண்ணீர் சுத்தம் என்று தொட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. இறால்கள் குண்டுகுண்டாக, சுறுசுறுப்பாக மேய்ந்துகொண்டிருந்தன. முதுகுக்கோடு முன்னைவிடத் தடித்திருந்தது. மணலில் அவை உரித்துப்போட்ட தோல்கள் கிடந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். இறால் தோல் எத்தனையோ கூடை உரித்தவள் அவள். இது கருகிய மாதிரி இருந்தது.

தணிகைவேல் அந்தத் தோலை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சொல்லு தம்பி."

"அன்னிக்குச் செம்புல எல்லாம் செத்து இது ரெண்டு மட்டும் எப்டிக்கா பொழைச்சுது? இதுங்க ஒடம்புல ஏதோ வழி இருந்திருக்கு. உள்ள வர விஷத்த அப்டியே தோலுக்குத் தள்ளிட்டு, தோல உரிச்சுப் போட்டுடுது. செம்புக்கு மட்டும் இருந்தா பரவால்ல…" அவன் நிறுத்தினான். "இதுங்க எதுக்கும் சாவாதுக்கா. விஷம் எப்போலேர்ந்து வருதோ நமக்குத் தெரியாது."

"எல்லா பிளாக்குலயும் இதான கீது."

"எல்லாத்துலயும் இதான்."

அவன் அங்கேயே நின்று பெரிய ஆபீசுக்குப் போன் போட்டான். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் நிதானமாக வந்தது: "நெய்தல் நகர்ல எல்லாத் தொட்டியும் பச்சை காட்டுதே சார். இறால் உயிரோட இருக்குன்னா தண்ணி நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?" ஆஸ்பத்திரியில் ஜெசிந்தாவுக்குச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். நெய்தல் நகரா, அங்கே காவல் தொட்டி இருக்கிறதே, அப்படியானால் நடுக்கமாக இருக்காது என்று டாக்டர் சிரித்த முகமாகச் சொன்னார்.

அமலோற்பவம் வீடு வீடாகப் போய்க் குடிக்காதீர்கள் என்றாள். சனங்கள் அவளை விநோதமாகப் பார்த்தார்கள். "இன்னாக்கா நீ, நீ வச்ச தொட்டி, நீயே சந்தேகப்பட்டா எப்டி? அவ்ளோ ஜம்முனு கீதுங்க" என்றான் தினகரன். அவனுக்குப் பின்னால் சுகந்தி ஒரு கையை இடுப்பில் ஊன்றி நின்றாள். மறுபடி ஏழாம் மாசம். இன்னொரு கையில் டம்ளர் நிறையத் தண்ணீர். அமலோற்பவம் பார்க்கப் பார்க்க அதைக் குடித்து முடித்தாள். ஊரெல்லாம் சம்பாதித்து வைத்திருந்த நல்ல பெயர் இப்போது அமலோற்பவத்தின் வாயை அடைத்தது.

தணிகைவேலிடம் திரும்பப் போனாள். "வேற வழியே இல்லியா?"

"தொட்டி செத்தாத்தான் ஆபீசுல மணி அடிக்கும். மணி அடிச்சாத்தான் ஆள் வருவான்." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஆனா ஒரு தொட்டி செத்தா உங்க தப்புன்னு எழுதுவான். செம்பு கிம்புன்னு. எல்லாத் தொட்டியும் ஒரே நாள்ல செத்தாத்தான் தண்ணியோட தப்பு."

"இந்த வெயில்ல மொத்த நகருக்கும் தண்ணி நின்னுடும்."

"நின்னுடும்."

சுகந்தி குடத்தோடு படியேறுவது அவள் கண்முன் வந்தது. ஜெசிந்தாவின் கட்டைவிரலும் வந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பிள்ளை. மாதாவே, இதை என்னிடம் ஏன் கொடுத்தாய் என்று அழுகை முட்டியது. அழுதால் தேறாதென்று எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போகிறவர்கள் போனபின் கோமளாவிடம் தாமிரச் சொம்பை இரவல் கேட்டாள். கோமளா பயந்துபோய், "எதுக்குக்கா?" என்றாள். "வேலை இருக்கு" என்று வாங்கிவந்து, அதில் இரவெல்லாம் ஊறிய தண்ணீரை முழுக்கத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். தண்ணீர் விழுந்த இடத்துக்கு இறால்கள் கூட்டமாக வந்தன. என்ன போட்டிருக்கிறாள் என்று தேடின. ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் சருகுக்குத் திரும்பிப்போய் மேய்ந்தன. வெயில் வாசலில் ஏறும்வரை பார்த்தாள். பச்சை விளக்கு அசராமல் எரிந்தது.

பிறகு இடுப்பில் செருகியிருந்த துணியை உருவிப் படியில் விரித்தாள். வலைக்கரண்டி தேவைப்படவில்லை. கையை உள்ளே விட்டதும் அவையே ஏறிக்கொண்டன. கை நிறைய எடுத்துத் துணியில் வைத்தாள். அவை துள்ளின; சற்று நேரம் நெல்லுப்பொரி வெடிப்பதுபோல் துள்ளின. தண்ணீர் இல்லாமல் ஒரு உயிர் எப்படிச் சாகும் என்று சிறு வயதிலிருந்து வலையிலும் கூடையிலும் பார்த்தவள் அவள். ஒரு நாளும் கண் கலங்கியதில்லை. இன்றைக்கு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். எல்லாம் அடங்கியதும் ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டிக்குள்ளேயே திரும்பப் போட்டாள். மூடியைச் சாத்தியதும் தகடு மறுபடி கேட்கத் தொடங்கி, விளக்கு சிவந்தது. சுவருக்குள் வால்வு விழுந்த சத்தம் கேட்டது. மணி அடித்தது.

மேலே கதவுகள் திறந்தன. "ஐயோ, போச்சா! திரும்பவுமா!" என்று குடங்களோடு இறங்கினார்கள். கோமளா சொம்பைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். "அவதான் செம்புத் தண்ணி ஊத்திட்டா! சண்டாளி!" என்று யாரோ கத்தினார்கள். யாரோ அமலோற்பவத்தின் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். ஜெசிந்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அம்மாவை எழுப்பினாள். கீழே கிடந்த துணியை உதறி அம்மாவின் கையில் கொடுத்தாள்.

பி பிளாக்குக்கு நடக்கிற தூரம்தான். அங்கே இன்னும் மணிச் சத்தம் எட்டவில்லை. நூர்ஜஹான் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாக்கா, வா! உன் பசங்கள பாக்க வந்தியா? நேத்து ஒண்ணு முட்டை கட்டிக்கினு கீது, வந்து பாரேன். இரு, டீ போடறேன்."

"டீ வேணாம் நூரு. தொண்டை காயுது. கடைல ஒரு கோலி சோடா வாங்கியாந்து குடு."

நூர்ஜஹான் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அவள் தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு, அமலோற்பவம் மூடியைத் திறந்து தொட்டிக்குள் கையை விட்டாள். வழக்கம்போல எல்லாம் ஓடிவந்து விரல்களில் ஏறிக்கொண்டன. முட்டைக்காரி கடைசியாக வந்தது. அதுவும் ஏறட்டும் என்று கையை அசைக்காமல் வைத்திருந்தாள்.

தண்ணீரில் சின்னச் சின்னதாக வளையங்கள் எழுந்துகொண்டே இருந்தன. இறால்கள்தான் என்று முதலில் நினைத்தாள். அப்புறம்தான் தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.